மாட்டின் மூக்கும் மேற்கோள் கணக்கும்

குளக்கரையிலும் குட்டை ஓரத்திலும் மாடு மேய்க்கும் குடியானவர்கள் குறட்டை நோயை நன்கு அறிவர். மாட்டின் மூக்கிலிருந்து சளியும் சில வேளை இரத்தமும் ஒழுகும். உள்ளே பூக்கோசுப் பூவைப்போலச் சதை தடித்து வளர்ந்து மூச்சுவழியை அடைக்கும். தொழுவத்தில் படுத்திருக்கும் மாடு விடும் குறட்டை தெருவரைக்கும் கேட்கும். உயிர் உடனே போவதில்லை. ஆனால் ஏர் இழுக்கவும் பாரம் இழுக்கவும் மூச்சு எட்டாது. சந்தையில் அம்மாட்டுக்கு விலை ஏது?

நெடுங்காலம் காரணம் புலப்படாதிருந்த இந்நோயைப்பற்றி, 1932-ஆம் ஆண்டில் முக்தேசுவரம் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டத்தா என்பவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். இரத்தக் குழாயில் வாழும் ஒருவகைப் புழுவின் முட்டைகளை அவர் மாட்டின் மூக்குச் சளியில் கண்டிருந்தார். மறு ஆண்டில், சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் எம். அனந்த நாராயண ராவ் அவர்கள், இது முன்பு அறியப்பட்ட புழுவன்று, தனி இனமே என்று காட்டிப் புதுப்பெயர் இட்டார். ஆன்டிமனி சேர்ந்த உப்பாகிய டார்ட்டார் எமடிக்கை ஊசிமூலம் செலுத்திக் குணங்கண்ட செய்தியையும் அவ்வாண்டிலேயே வெளியிட்டார். (இம்மருந்து அளவு சற்று மிஞ்சினால் நஞ்சாகும்; மருத்துவர் கையிலன்றி வேறெவர் கையிலும் இருக்கத்தக்கதன்று.) 1934-இல் இரண்டு புழுக்களையும் ஒப்பிட்டு எழுதினார். அவர் இட்ட பெயரின் ஈறு பின்னர் லத்தீன் இலக்கணத்துக்கு ஏற்பத் திருத்தப்பட்டு, இன்று "சிஸ்டோசோமா நேசேல் ராவ், 1933" என்று உலகெங்கும் வழங்குகிறது.

இப்புழுவின் வாழ்க்கை நம் ஊர்க் குட்டையோடு பிணைந்தது. வளரியைப்போல் வளைந்த அதன் முட்டை மூக்குச் சளியோடு நீரில் விழுந்து பொரிக்கும். வெளிவரும் குஞ்சு, தட்டையாகச் சுருண்ட ஓட்டையுடைய ஒருவகை நத்தையின் உடலிற் புகுந்து பல்கும். பின்பு வால்முளைத்த நுண்புழுக்களாக நீரில் நீந்தி, அங்கு நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்து உட்சென்று, முடிவில் மூக்கின் இரத்தக் குழாய்களில் குடியேறும். எருமைக்கு நோய்க்குறி வெளியில் தெரிவது குறைவு; ஆயினும் அதன் மூக்கிலும் புழு தங்கி நீரில் முட்டை இடும். ஆகையால், குறட்டை விடும் மாட்டை மட்டும் குட்டையினின்று விலக்கி எருமையை நாள் முழுதும் அதில் கிடக்க விடுபவர் பாதி வேலையே செய்தவராவார்.

இவ்வளவு பயன் தந்த ஆராய்ச்சியை இக்காலத்து அளவுகோலில் நிறுத்தினால் என்ன நிறை காட்டும்? ஒரு கட்டுரையைப் பிற்காலத்துக் கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோளாகக் காட்டுகின்றன என்று எண்ணும் முறையை, அமெரிக்கரான யூஜின் கார்பீல்டு 1955-இல் எடுத்துரைத்தார். அவருடைய நிறுவனம் 1964 முதல் அதற்கான அட்டவணைகளை விற்றது. 2005-இல் ஹிர்ஷ் என்பவர் எச்-குறியீடு என்பதைச் சேர்த்தார். பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் பத்துமுறையேனும் மேற்கோளாகியிருந்தால் அவ்வாசிரியர்க்குப் பத்து என்பது அதன் கணக்கு. நம் நாட்டில் தேசிய விவசாய விஞ்ஞான அகாடமி பத்திரிகைகளுக்கு மதிப்பெண் இட்டு வெளியிடுகிறது. விவசாய, கால்நடைத் துறைகளில் நியமனமும் பதவி உயர்வும் வழங்குமிடத்து அவ்வெண் பார்க்கப்படுகிறது.

ராவ் அவர்கள் எழுதியதோ, 1931-இல் தொடங்கி அப்போது இரண்டே வயதான ஓர் இந்தியக் கால்நடைப் பத்திரிகையில். இப்புழு தெற்காசியாவிலும் அதையடுத்த நாடுகளிலுமே உள்ளது; அதைப்பற்றி எழுதுவோரும் சிலரே. மலேரியாவை ஆராய்பவர்க்கு உலகமெங்கும் மேற்கோள் காட்டுவோர் உண்டு. குறட்டை நோயை ஆராய்பவர்க்கு அவர்கள் எங்கிருந்து வருவர்? இதற்குமேலும் ஒன்றுண்டு. புழுவின் பெயரோடு ராவின் பெயரையும் ஆண்டையும் எழுதுவோர் பெரும்பாலும் அவருடைய கட்டுரையைக் கடைசிப் பக்கத்துப் பட்டியலிற் சேர்ப்பதில்லை. பட்டியலில் இல்லாதது எண்ணப்படுவதுமில்லை. பெயரளவில் அழியாதவர், கணக்களவில் இல்லாதவரே!

கணக்கு முழுவதும் வீணென்று கூறுவது நியாயமன்று. அடையாற்றையடுத்த தரமணியிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிலையத்தோடு தொடர்பு கொண்டிருந்த சுப்பையா அருணாசலம் அவர்கள், இந்திய விஞ்ஞானக் கட்டுரைகளைப் பல்லாண்டு எண்ணி ஆராய்ந்தவர். இந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சி இந்நாட்டு மக்களின் தேவைக்கு எவ்வளவு பொருந்துகிறது என்ற கேள்வியை 1997-இல் "கரண்ட் சயின்ஸ்" பத்திரிகையில் எழுப்பினார். எந்த நோய்க்கு எத்தனை கட்டுரை என்று ஒரு நாடு தன்னைத் தானே கேட்டுக்கொள்ள எண்ணிக்கை உதவும். அதே கோலால் ஒரு தனி மனிதனின் உழைப்பை நிறுப்பது, நெல் அளக்கும் மரக்காலால் பால் அளப்பது போன்றது.

இதனால் நட்டம் அடைபவர் யார்? ஆராய்ச்சியாளர் அல்லர். புத்திசாலியான இளைஞர், மேற்கோள் மிகுதியாகக் கிட்டும் துறையை நாடிப் போய்விடுவார். அவரைக் குறை கூற முடியாது. மாடு வைத்திருக்கும் குடியானவனே ஆராய்வாரின்றி நிற்பான், அவன் கொடுக்கும் வரிப்பணத்திலிருந்தே அச்சம்பளம் வழங்கப்பட்டும்.

ஆதலால், ஒட்டுண்ணி ஆராய்ச்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் குழுவினர் எச்-குறியீட்டைக் கேட்பதோடு, அவர் எந்தெந்த ஊர்களில் மாட்டைச் சோதித்தார், அவர் கூறிய முறை எத்தனை கால்நடை மருந்தகங்களில் கைக்கொள்ளப்பட்டது, குடியானவர்க்குத் தமிழில் என்ன எழுதினார் என்பவற்றையும் கேட்டு மதிப்பெண் இடவேண்டும் என்பது என் கருத்து. இவற்றைச் சரிபார்ப்பது கடினம் என்பர். கிராம அதிகாரிகளும் நிலவுடையோரும் மனம் வைத்தால் அவ்வளவு கடினமன்று. ஊரில் குறட்டை விடும் மாடுகளுக்கு ஒரு பட்டியல் எழுதி அடுத்த மருந்தகத்தில் கொடுக்கலாம். எந்தக் குட்டையில் நீர் குடித்தது, எந்த மாதத்தில் நோய் தோன்றியது, மருந்து கொடுத்தபின் ஏர் கட்ட முடிந்ததா என்னும் மூன்று விவரங்கள் போதும். அத்தகைய பட்டியல் பத்து ஊர்களிலிருந்து வந்து சேர்ந்தால், அக்குட்டைகளில் நத்தை தேட ஆராய்ச்சியாளர் நேரில் வந்தே ஆகவேண்டும்.