யாழ்ப்பாணம் போகும் பிள்ளைக்கு எந்தப் பாடம்?

சென்ற மாதம் ஒரு தோட்டக் கிளைக் கூட்டம் முடிந்து கிளம்பும் நேரத்தில், ஒரு தாய் நம்மை வழியில் நிறுத்தினார். மலையிலிருந்து நேராகக் கூட்டத்துக்கு வந்தவர், கூடையைக்கூட இன்னும் லயத்தில் இறக்கி வைக்கவில்லை. அவருடைய மகளுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம் கிடைத்திருக்கிறது. கல்வியியலையும் புவியியலையும் சேர்த்து எடுத்து, சுற்றாடல், நிலைபேறான அபிவிருத்தி என்ற பக்கம் படிக்கப்போவதாகப் பிள்ளை சொல்கிறதாம்.

"மண்ணையும் தண்ணியையும் படிக்க அவ்வளவு தூரம் போகணுமாங்க? அதத்தானே நாங்க தெனமும் மிதிச்சிக்கிட்டு நிக்கிறோம். சட்டுனு வேல கெடைக்கிற படிப்பா ஒண்ணப் படிச்சா என்ன?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பஸ் வந்துவிட்டதால் அன்றைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னோம். அவரைப் போன்ற பெற்றோர் எல்லாத் தோட்டத்திலும் இருப்பதால், முழுப் பதிலை இங்கே எழுதுகிறோம்.

நிலைபேறான அபிவிருத்தி என்பது பெரிய சொல்லாக இருக்கலாம், பொருள் சின்னது. இன்றைய தேவைக்கு எடுக்கும்போது, நாளைய பிள்ளைகளுக்கும் மிச்சம் இருக்கும்படி எடுப்பது. 2015இல் ஐக்கிய நாடுகள் சபை 2030க்குள் அடைய வேண்டிய 17 இலக்குகளை வகுத்தது. அதில் நான்காவது தரமான கல்வி, ஆறாவது சுத்தமான தண்ணீர், எட்டாவது கண்ணியமான வேலை. இலங்கையும் 2017இல் இதற்கென 19ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. நம் லயத்துப் பீலியையும், நம் நாட்சம்பளத்தையும், நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் தொடும் காரியங்கள் இவை. ஆனால் நமக்கு இந்தச் சொல் தேயிலைப் பக்கற்றில் ஒட்டும் முத்திரையாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அந்த முத்திரைக்கு என்ன நிபந்தனை, அதில் தொழிலாளிக்கு என்ன உரிமை என்று வாசித்துச் சொல்ல நம்மில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

2021ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் கடைசியில் இரசாயன உரத்துக்குத் தடை என்று அறிவித்தார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். இடையில் செடி காய்ந்தது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. கொழுந்து இல்லாத மலையில் கிலோ குறைந்தபோது, அரைப் பேர் போட்டு வாங்கியது யார்? மண்ணைக் காப்பாற்றுவது நல்ல காரியம்தான். ஆனால் மண்ணில் வேலை செய்பவரைக் கேட்காமல், ஒரே நாளில், மாற்று உரமும் கையில் இல்லாமல் செய்தால் அந்தச் சுமை முதலில் நம் தலையில்தான் விழும். இதை அன்றைக்கே எழுத்தில் வைத்து வாதாட நமக்குப் படித்தவர்கள் போதவில்லை.

யாழ்ப்பாணம் இந்தப் பாடத்தைப் படிக்க ஏற்ற இடம். குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது. அதையே கிணற்றில் இறைத்துக் குடிக்கிறார்கள், வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் பாய்ச்சுகிறார்கள். அளவுக்கு மீறி இறைத்தால் உப்புத் தண்ணீர் ஏறும். அளவுக்கு மீறி உரம் போட்டால் நைத்திரேற்று கிணற்றில் சேரும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது சனங்கள் வீதியில் இறங்கினார்கள், ஆய்வு கேட்டார்கள். பொதுநல வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரலில், அங்கிருந்த மின் நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்காக இரண்டு கோடி ரூபா கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. போன தண்ணீர் அதனால் திரும்பி வந்துவிடவில்லை. ஆனாலும், கிணற்றுத் தண்ணீரின் குணத்தை அளந்து காகிதத்தில் காட்டத் தெரிந்தால் சாதாரண சனத்தின் முறைப்பாடும் நீதிமன்றத்தில் நிற்கும் என்பது தெரிந்தது.

நம் பக்கத்தில் மீரியபெத்தையை மறக்க முடியுமா? 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று அதிகாரிகள் முன்பே எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை இருந்தும் சனங்கள் அங்கேயே இருந்ததற்குப் படிப்பின்மை மட்டும் காரணமில்லை. போய்க் குடியேற ஒரு துண்டு நிலம் சொந்தமாக இல்லை. ஆகவே படித்தால் எல்லாம் தீரும் என்று நாம் சொல்லமாட்டோம். நிலத்துக்கும் வீட்டுக்கும் சங்கம் போராட வேண்டும். அந்தப் போராட்டத்துக்கு, சரிவைப் பார்த்து ஆபத்தைச் சொல்லவும், அதை ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்படி சொல்லவும் தெரிந்தவர்கள் வேண்டும்.

கல்வியியலும் சேர்ந்து வேண்டும் என்பது அதனால்தான். மண்ணை மட்டும் படித்தவர் அறிக்கை எழுதிவிட்டுப் போய்விடக்கூடும். கற்பிக்க மட்டும் படித்தவர் புத்தகத்தில் உள்ளதை ஒப்புவித்துவிட்டு நிற்கக்கூடும். இரண்டும் தெரிந்த ஆசிரியர் பாடசாலைக்குப் பின்னால் இருக்கும் மலையையே பாடமாக்குவார். இலவசக் கல்வி 1945இல் வந்தும், தோட்டப் பாடசாலைகள் 1970களில்தான் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. அந்தத் தாமதத்தின் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம். கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறையும் உண்மை. அந்தப் பாடம் வரும் பிள்ளை அதையே படிக்கட்டும். கலைப்பிரிவில் தேறிய பிள்ளையை மட்டும் உதவாத படிப்பு என்று சொல்லி வீட்டில் நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் நம் பிள்ளைகள் யாழ்ப்பாணம் போனது வீட்டு வேலைக்கு. அந்த நினைவு பல குடும்பங்களில் இன்னும் ஆறவில்லை. 1974இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரி வளவில் தொடங்கிய வளாகம் இன்று பல்கலைக்கழகமாக நிற்கிறது. அதே ஊருக்கு நம் பெண் பிள்ளை இன்று புத்தகப் பையோடு போகிறாள். அவளைத் தடுக்க நாம் காரணம் தேடக்கூடாது.

சங்கம் கேட்பது இவைதான். கல்வியியல் மாணவர்களின் கற்பித்தல் பயிற்சியில் ஒரு பகுதியைத் தோட்டப் பாடசாலைகளிலும் நடத்தப் பல்கலைக்கழகம் வழி செய்ய வேண்டும். புலமைப்பரிசில் பணம் மாதம் தவறாமல் பிள்ளையின் கையில் சேர வேண்டும். படித்து வருபவர்களுக்குக் குறைந்த கொடுப்பனவில் உதவியாளர் வேலை வேண்டாம். முழு ஆசிரியர் நியமனம் வேண்டும். நம் பங்குக்கு, விடுமுறையில் வரும் மாணவரை ஒவ்வொரு கிளையும் ஒரு நாள் அழைத்து, படித்ததை நமக்கும் சொல்லச் சொல்வோம்.

அந்தத் தாய்க்கு ஒரு வார்த்தை. நீங்கள் தினமும் மண்ணை மிதிப்பது உண்மை. எந்தச் சரிவில் தண்ணீர் கசிகிறது, எந்த மலையில் கொழுந்து குறைகிறது என்று உங்களுக்குத் தெரிந்த அளவு துரைக்கும் தெரியாது. நீங்கள் சொன்னால் கேட்பார் இல்லை. மகள் அதை அளந்து, எழுதி, பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் தட்டிக்கழிப்பது கஷ்டம். போகும்முன் உங்களுக்குத் தெரிந்ததை அவளிடம் சொல்லி அனுப்புங்கள் அம்மா. மீதியை அவள் அங்கே படித்துக்கொண்டு வரட்டும்.