மடம் யாருக்கு?

கொக்குவிலுக்கு அயலிலே கந்தர்மடம், அப்பால் ஓட்டுமடம். நம்மவரின் தருமம் ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டதென மேடைகளிலே பெருமை பேசுவோர், பருத்தித்துறைத் தெருமூடிமடத்தின் கற்றூண்களையும் சான்றுக்கு அழைப்பர். தூண்கள் அழகியவைதாம், மறுப்பாரில்லை. அத்தகைய திண்ணைகளில் அமரும் உரிமை எவர்க்கிருந்தது?

பொதுக்கிணற்றில் நீரள்ளவும் தேநீர்க்கடையிற் சரிசமமாக அமரவும் தாழ்த்தப்பட்ட மக்கள் போராடிய மண் இது. சாதித் தடையைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் வந்தது. 1968இலும் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசல் அவர்கட்கு மறுக்கப்பட்டது. இத்தகைய சமுதாயத்தில் மடத்துத் திண்ணை மாத்திரம் சாதி கேளாது இடமளித்திருக்குமென நம்புவது பேதைமையன்றோ?

மணிமேகலை காட்டும் ஆபுத்திரனை நினைவுகூர்க. பிறப்பைச் சொல்லி விரட்டப்பட்ட அவன், மதுரையிலே பிச்சையேற்ற சோற்றைக் குருடர்க்கும் முடவர்க்கும் முதலில் அளித்து, எஞ்சியதைத் தானுண்டு, திருவோட்டைத் தலையணையாக்கித் துயின்றான். அவனுக்கு உபயகாரர் பெயர்க்கல் ஏது? ‘ஹொஸ்பிற்றல்’ என்ற சொல்லின் இலத்தீன் வேரும் விருந்தினனையும் விருந்தளிப்பவனையும் ஒருங்கே குறித்தது. ஈவோன் மேலிருந்து நீட்டும் கை அதில் இல்லை.

1987 ஒக்டோபரில் கொக்குவில் இந்துக் கல்லூரியில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள் மீது எறிகணைகள் வீழ்ந்தன, பலர் மாண்டனர். இந்திய அமைதிப்படை யாழ்நகரைக் கைப்பற்றப் போரிட்ட நாட்கள் அவை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்தபோதும் மக்கள் ஒதுங்கியவை தென்மராட்சியின் பள்ளிக்கூடங்களும் கோயில் வளவுகளும் மரநிழல்களுமே. ஊர்ப்பெயரில் வாழும் மடம் மழைக்குக் கூரையாகாது.

உபயகாரரின் கருணையை இனியும் எதிர்பார்த்திருக்க வேண்டுமா? நல்லூர்ப் பிரதேச சபை வரிப்பணத்தில் நடத்தும் புகலிடத்தைக் கேட்போம். நோயுற்ற முதியவரும் துணையற்ற பெண்ணும் சாதி சொல்லாது, எவர்க்கும் நன்றி கூறாது அதனுள் நுழையட்டும்.