எந்தப் படகை வாங்குவது?

காத்திவாக்கத்துக் கரையில் இந்நாளில் இளைஞர் பலர்க்கும் பேச்சு ஒன்றே. கரையோரத்தில் மீன் அற்றுப்போயிற்று. ஆழ்கடலுக்குச் செல்லும் பெரிய படகு ஒன்று கிடைத்தால் பிழைத்துக் கொள்ளலாம் என்பதே அது. அப்பேச்சு வீட்டினுள் நுழைந்து, வீட்டுப் பத்திரத்தின் மீதும், தாயின் நகை மீதும், தங்கையின் திருமணத்திற்கெனச் சேர்த்த பணத்தின் மீதும் கண்வைக்கத் தொடங்கும்போது குடும்பக் காரியமாகி விடுகிறது. ஆகவே இம்மாதம் அதனைக் குறித்து எழுதத் துணிந்தோம். படகைப் பற்றிக் குருவானவருக்கு என்ன தெரியும் என்று கேட்போர் கேட்கட்டும். கடன் பத்திரத்தைப் படித்துப் பொருள் சொல்லச் சொல்லி நம்மிடந்தானே வருகிறார்கள்!

இளைஞர்களின் குறையை வீண்பேச்சென்று நாம் தள்ளிவிட மாட்டோம். கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்ததை எண்ணூரில் அறியாதார் யார்? 2017 ஜனவரியில் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டிற்று. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் கழிமுகமெங்கும் பரவி, படகையும் வலையையும் கறுப்பாக்கிற்று. இறாலும் நண்டும் தந்து குடும்பங்களைக் காத்த நீர்நிலை இவ்வாறு நலிந்தால், பிள்ளைகள் தொலைகடலை நோக்குவது இயற்கையே.

ஆயினும் படகைத் தேர்வதற்குமுன் கரையைப் பார்க்க வேண்டும். சோழமண்டலக் கரை அலை உடையும் கரை. இங்கே இயற்கைத் துறைமுகம் இல்லாமையாலன்றோ நம் முன்னோர் இலேசான மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கட்டுமரமாக்கினர்! அலை மேலேறிப் போனாலும் அது மூழ்காது. கரைசேர்ந்ததும் அவிழ்த்து உலர்த்தலாம். சென்னைக்குத் துறைமுகம் வருமுன், கப்பலில் வந்தோரை அலைகடந்து கரைசேர்த்த மசூலாப் படகின் பலகைகளும் ஆணியால் அறையப்பட்டவை அல்ல, கயிற்றால் தைக்கப்பட்டவை. அலையில் மோதும்போது வளைந்து கொடுக்கவே அவ்வாறு செய்தனர். இவற்றையெல்லாம் அக்கரையே கற்பித்தது எனலாம்.

அந்தக் கரையும் இன்று முன்போல் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகத்திற்காகக் கடலுள் கல்லணை கட்டிய பின், தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. பல இடங்களில் மணலுக்குப் பதில் கருங்கற்களே கிடக்கின்றன. எனவே வாங்கப்போகும் படகை எங்கே இழுத்து வைப்பது, புயற்காலத்தில் எத்தனை பேர் கூடித் தூக்க வேண்டும் என்று முதலிற் கேளுங்கள். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் தொண்டு நிறுவனங்கள் வழங்கிப் பெருகிய கண்ணாடியிழைப் படகு, அதாவது நாம் பைபர் என்று சொல்வது, 28 முதல் 32 அடி வரை இருக்கும். மூன்று நான்கு பேர் போதும். அதில் அறையில்லை, நிழலில்லை. பலநாள் தங்குதற்கும் ஏற்றதன்று. ஆனால் காலையில் போய் மாலையில் பிள்ளைகள் முகம் பார்க்கலாம்.

சிறு படகென்று இதனை இகழ்வோர்க்கு ஒரு செய்தி. 1986-இல் கலிலேயாக் கடலில் நீர் வற்றியபோது, சேற்றிலிருந்து நம் ஆண்டவர் காலத்தைச் சேர்ந்த மீன்பிடி படகு ஒன்று வெளிப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 8.2 மீட்டர், அகலம் 2.3 மீட்டர், நீளத்தில் நமது பைபர் படகுக்கு நெருங்கிய உறவு. அதுவும் புதுமரத்தால் ஆனதன்று. தேவதாரு, கருவாலி எனப் பலவகை மரத்துண்டுகளை ஒட்டுப்போட்டு, பலமுறை செப்பனிட்டு ஓட்டியிருக்கிறார்கள். புனித இராயப்பரின் படகும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும்.

இனிப் பெரிய படகைப் பார்ப்போம். விசைப்படகைக் காத்திவாக்கத்தில் நிறுத்த இயலாது. காசிமேடு போன்ற மீன்பிடித் துறைமுகத்திற்குத்தான் போக வேண்டும். 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி, கரையை ஒட்டிய கடற்பரப்பில் விசைப்படகு மீன்பிடித்தல் ஆகாது. அந்தப் பரப்பு கட்டுமரத்தாருக்கும் நாட்டுப் படகினருக்கும் உரியது. எழுபதுகளில் இரு தரப்பாரும் மோதிக்கொண்டதன் விளைவே இச்சட்டம். அன்றியும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. நாட்டுப் படகுகளுக்கு இத்தடை இல்லை.

கடன் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 2020-இல் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டத்தில், ஆழ்கடல் படகொன்றின் விலை 1 கோடியே 20 லட்சம் என்று கொள்ளப்பட்டது. பொதுப் பிரிவினர்க்கு மானியம் 40 விழுக்காடு. பெண்களுக்கும் பட்டியல் இனத்தார்க்கும் 60. நாற்பது போக மீதி 72 லட்சம். அதை முழுதும் கடனாகப் பெற்று, வட்டி நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொண்டால், வட்டி மட்டுமே மாதம் 60,000 ரூபாய். தடைக்காலத்து இரண்டு மாதங்களில் மீனில்லை. வட்டி 1 லட்சத்து 20 ஆயிரம் ஏறும். கடலுக்குப் போகும் நாளிலோ டீசல், பனிக்கட்டி, சாப்பாடு முதலியவற்றின் செலவு முதலிற் கழியும். எஞ்சியதில் ஆட்களின் பங்கு போகும். உரிமையாளர் தம் பங்கிலிருந்துதான் கடன் தீர்க்க வேண்டும். கோபுரம் கட்ட எண்ணுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று லூக்காஸ் நற்செய்தியில் ஆண்டவர் சொன்ன உவமையை ஞாயிறன்று கேட்கிறோம். திங்களன்று அதைச் செய்து பார்ப்பதில் தவறில்லை.

கேரளத்து நீண்டகரையில், 1950-களில் நார்வே நாட்டின் உதவியோடு விசைப்படகுகள் வந்தன. இறால் ஏற்றுமதி பெருகியது. பணமுள்ளோர் பலர் படகு முதலாளிகள் ஆயினர். கட்டுமரத்தார் பலர் பின்தங்கினர். வேறொரு வழியைக் குமரி மாவட்டத்தில், கோட்டாறு மறைமாவட்டக் கரையில் கண்டோம். 1980-களில் முட்டத்தில் ஒட்டுப்பலகை வள்ளங்கள் கட்டினர். மீனவரிடமே கொடுத்து ஓட்டச் செய்து, அவர்கள் சொன்ன குறைகளைத் திருத்தினர். அவ்வள்ளங்கள் குமரியிலும் திருவனந்தபுரத்திலும் பரவின. ஓட்டுபவனைக் கேட்டுக் கட்டியதால் அது நிலைத்தது என்பது நம் எண்ணம்.

ஆழ்கடலே கூடாது என்று நாம் சொல்லவில்லை. குமரியின் தூத்தூர்க் கத்தோலிக்க மக்கள் கொச்சியைத் தளமாகக் கொண்டு, வாரக்கணக்கில் அரபிக்கடலில் தங்கிச் சுறாவும் சூரையும் தூண்டிலில் பிடிப்பவர்கள். அத்திறம் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. கடனோடு சேர்ந்து வருவதன்று. அவர்களே 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயலில் சிக்கினர். தொலைவிலிருந்த பல படகுகளுக்குக் கரையின் எச்சரிக்கை எட்டவேயில்லை. வீடு திரும்பாதோர் பலர். ஆகவே செயற்கைக்கோள் வழியே செய்தி தரும் கருவியும், உயிர்காப்பு மேலாடையும், படகுக்கும் ஆளுக்கும் காப்பீடும் இல்லாத ஆழ்கடல் படகை, விலை எவ்வளவு மலிவாயினும் வாங்க வேண்டாம்.

நம் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். இரண்டு பிள்ளைகள் கடலுக்குப் போகும் குடும்பத்திற்கு, நல்ல பைபர் படகும் எஞ்சினும், வஞ்சிரத்திற்கும் சூரைக்கும் ஏற்ற செவுள் வலையும் தூண்டிலும் போதும். பெரிய படகுதான் வேண்டுமென்றால், பிள்ளைகள் முதலில் இரண்டு பருவம் பிறர் படகில் ஆளாகப் போய் வரட்டும். அதன் பின்னும் விருப்பம் மாறாவிடில், நான்கைந்து குடும்பங்கள் கூடி எழுத்தில் உடன்படிக்கை செய்து, கூட்டாக வாங்குங்கள். இராயப்பரும் செபெதேயுவின் மக்களும் கூட்டாளிகளாகவே தொழில் செய்தனர். இழுவலை டீசலையும் குஞ்சு மீனையும் ஒருங்கே விழுங்கும். நமது வாக்கு தூண்டிலுக்கே. பிடித்த மீனையெல்லாம் தம்மிடமே, தாம் சொல்லும் விலைக்கே தர வேண்டும் என்று சொல்லி முன்பணம் நீட்டும் ஏலக்காரரிடம் மட்டும் கை நீட்டாதீர்கள். அவ்வாறு வாங்கிய படகு யாருடையது என்பது இரண்டு ஆண்டில் விளங்கிவிடும்.

பழைய படகை வாங்குவோர் தடைக்காலத்தில் போய்ப் பார்ப்பது நன்று. அப்போதுதான் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். நீருக்கடியில் மறைந்திருக்கும் பலகையும் சுழல்விசிறித் தண்டும் கண்ணுக்குத் தெரியும். அனுபவமுள்ள முதியவர் ஒருவரையும், விற்பவர்க்கு உறவில்லாத மெக்கானிக் ஒருவரையும் அழைத்துப் போங்கள். பத்திரத்தில் கையொப்பமிடப் போகிற மனைவியையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.