நோயாளிக்கு ஏற்ற வீடு வேண்டும்

வேலை போனால் வீடும் போகும் என்பது தோட்டத்தின் பழைய வழக்கம். நோயில் விழுந்த தொழிலாளிக்கு இது இரட்டை அடி. புக்கிட் செலம்பாவ் வட்டாரத் தோழர்கள் இதை இனியும் ஒத்திப் போடலாகாது.

நம் லயங்களில் இனிப்பு நீர் இல்லாத குடும்பம் அரிது. முற்றினால் சிறுநீரகம் கெடும். சிலருக்குக் காலும் போகும். இரத்தம் சுத்தி செய்ய வாரம் மூன்று தடவை, தடவைக்கு 4 மணி நேரம் சுங்கை பட்டாணியில் படுத்துக்கிடக்க இயலாதவர், வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே செய்து கொள்ளலாம். நாளுக்கு 4 முறை, முறைக்கு 2 லிட்டர் மருந்து நீர். மாதத்திற்கு 120 பை. கனம் 240 கிலோ! இதை எங்கே அடுக்குவது? கோழிக்கூட்டின் பக்கத்திலா? கை கழுவக் குழாய், தூசி புகாமல் அடைக்கக்கூடிய ஒரு மூலை, அவ்வளவே தேவை. அது இல்லாமல் கிருமி புகுந்தால் உயிருக்கே ஆபத்து. கால் எடுத்தவருக்கோ, படிக்குப் பதில் ஒரு சரிவு, கழிவறையில் பிடித்து எழ ஒரு கம்பி. கொத்தனாருக்குச் சில நாள் வேலை.

ஆனால் தொழிலாளி தாமாகச் சுவரை இடிக்க முடியாது. 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் குழாய் நீர், மின்சாரம், பழுதுபார்த்தல் ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்குகிறது. அனுமதியின்றிக் கட்டடத்தை மாற்ற விடலாகாது என்றும் சொல்லுகிறது. வீடு அவர்களுடையது, கம்பியின் செலவும் அவர்களுடையதாக இருப்பதே நியாயம்.

சேம நிதி வீடு வாங்கவும் கட்டவும் பணம் தரும். இருக்கிற வீட்டைத் திருத்த அந்த வழியில் தராது. 2024 மே முதல் உள்ள 'பிளெக்சிபல்' கணக்கில் எதற்கும் எடுக்கலாம். ஆனால் சந்தாவில் நூற்றுக்குப் 10 பங்கே அதில் சேருகிறது. பால் வெட்டுகிறவருக்கு என்ன தேறும்?

'சொக்சோ' இயலாமை ஓய்வூதியம் சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு. நல்லதுதான். ஆனால் இயலாதவர் என்று தீர்ப்பானதும் வேலை முடிகிறது. வீட்டைக் காலி செய்யும் பேச்சும் வருகிறது. பாதிச் சம்பளத்தில் டவுனில் வாடகை கொடுப்பதா, சோறு தின்பதா?

அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் சங்கம் கேட்க வேண்டியவை இரண்டு. டாக்டர் எழுத்துக் கொடுத்தால் இத்தகைய சிறு மாற்றங்களை நிர்வாகம் தன் செலவில் செய்ய வேண்டும். இயலாமை ஓய்வூதியக்காரரை ஓராண்டாவது அதே வீட்டில் இருக்க விட வேண்டும். வீடு பற்றாக்குறை என்பார்கள். பூட்டிக் கிடக்கும் கதவுகளை எண்ணிக்கொண்டு போய்ப் பேசுவோம்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. 'சொக்சோ' மனு 60 வயதுக்கு முன் போய்ச் சேர வேண்டும். முழுத் தகுதிக்கு 40 மாதத்தில் 24 மாதச் சந்தா வேண்டும். எந்நேரமும் துணை தேவைப்படுவோருக்குத் தனிப் படியும் உண்டு. நோயாளி ஆபீசுக்கு வரட்டும் என்று காத்திராமல், பாரத்தை லயத்துக்கே கொண்டு போய் எழுதிக் கொடுங்கள்.