கயித்த அறுத்தாப் போதுமா?

குறியீடு எங்கிருந்து வருதுன்னு கேட்டா நம்ம இலக்கியவாதிகள் உடனே யுங்கைத் தூக்கிட்டு வந்துருதாக. மனித குலம் முழுமைக்கும் பொதுவான ஒரு நனவிலி இருக்கிறதாம். ஆதிப்படிமங்கள் பிறவியிலேயே அதில் கிடக்கின்றனவாம். நீர் என்றால் தாய். ஆறு என்றால் உயிர். தாமிரபரணியைப் பாடுகிறவர்களும் இதையேதான் பாடுகிறார்கள்.

நமக்கு அந்த ஆறு வேற. 1999 சூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள். அதில் ஒன்றரை வயதுக் குழந்தையும் ஒன்று. கொக்கிரகுளம் என்றால் நம் தெருப் பிள்ளைகளுக்குத் தாய்மடியா ஞாபகம் வரும்? ஆதிப்படிமம் எங்கே போச்சு?

உடம்புக்கு இதில் பங்கே இல்லைன்னு நான் சொல்லலெ. பிறந்த சிசுவின் நாக்கில் கசப்பு பட்டால் முகத்தைச் சுளிக்கும். அது உயிரியல். அதே குழந்தை தன் மலத்தைக் கையால் அளையும்; அருவருப்பைப் பெரியவர்கள்தான் பழக்குகிறார்கள். சுளிக்கிற முகம் இயற்கை கொடுத்தது. யாரைப் பார்த்துச் சுளிக்கணும் என்பது ஊர் கொடுத்தது. தனி டம்ளரும், எட்டி நின்று ஊற்றுகிற தண்ணியும், 'அந்தத் தெருப் பக்கம் போகாதலே' என்ற அதட்டலும் அந்தச் சுளிப்போடு முடிச்சுப் போடப்படுகின்றன. அப்புறம் 'ரத்தத்திலேயே ஊறினது' என்கிறார்கள். ஊறவில்லை ஐயா, ஊட்டினீர்கள்.

முடிச்சு விழுகிற கணத்தை 1992லேயே பாமா 'கருக்கு'வில் எழுதிவிட்டார். தெருப் பெரியவர் ஒருவர் முதலாளிக்கு வாங்கிய பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் சரட்டில் பிடித்துக்கொண்டு போகிறார். பார்க்கிற சிறுமிக்குச் சிரிப்புதான் வருகிறது. அண்ணன் காரணம் சொன்ன பிறகே கோபம் வருகிறது. தீட்டு பிறவியிலேயே மனசில் இருந்திருந்தால் அந்தச் சிரிப்பு எப்படி வந்திருக்கும்?

இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் மணிக்கட்டில் சாதிக்கொரு நிறம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 சூனில் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. செய்யட்டும். வேண்டாம்னு யார் சொன்னா? ஆனால் கயிறு போனால் பனியன் வரும், பொட்டு வரும், வண்டி ஸ்டிக்கர் வரும். மனசில் கட்டு விழுந்தது கையில் கட்டுவதற்குப் பத்து வருசம் முன்னாடி.

நம்ம பிள்ளைகளும் கட்டுதுதான். அடிவாங்கின உடம்பு தனக்கும் ஒரு துணை தேடுது. அதையும் அடிக்கிற கையையும் ஒரே தராசில் வைக்காதீக.

சாதி இந்து எழுத்தாளர்களே, ஆதிப்படிமம் இருக்கட்டும். அங்கன்வாடியில் எங்க பொம்பள ஆக்கின சோத்தைத் தின்னாதன்னு மூணு வயசுப் பிள்ளைக்கு உங்க வீட்டு நடையில் யாரு சொல்லித் தாரா? அதை எழுதுங்க முதல்ல.