மொட்டை மாடி அறை, நிபந்தனைகளுடன்

எனக்கு வீடு தேவையில்லை. இருக்கிற வீட்டைக் காலி செய்யும் உத்தேசமும் இல்லை. ஆனாலும் ராத்திரி தூக்கம் பிடிக்காவிட்டால் வாடகை அறை விளம்பரங்களைப் போனில் தள்ளிக்கொண்டே போவேன். மேற்கு மாம்பலம், சைதாப்பேட்டை, வேளச்சேரி, பள்ளிக்கரணை என்று எங்கே விரல் பட்டாலும் யாரோ ஒருவர் தன் வீட்டு மாடியைத் திறந்து காட்டுகிறார்.

நல்ல வீடுகள் சீக்கிரம் அலுத்துவிடும். வெள்ளை டைல்ஸ், மாடுலர் கிச்சன், கவர்டு கார் பார்க்கிங். ஒன்றைப் பார்த்தால் நூறைப் பார்த்த மாதிரி. கோணல் அறைகள்தான் என்னைப் பிடித்து உட்கார வைக்கின்றன. மாடிப்படிக்கு அடியில் கட்டிலைச் சொருகிவிட்டு 'சிங்கிள் ரூம்' என்று போட்டிருப்பார்கள். எழுந்தால் தலை இடிக்கும் என்பது படத்திலேயே தெரியும். இன்னொன்றில் கேட்டுக்கு மூன்று படம், சின்டெக்ஸ் டேங்குக்கு ஒன்று, பாத்ரூமுக்கு ஒன்று. அறையை மட்டும் காணோம். பீரோ கண்ணாடியில் பனியன் போட்ட ஹவுஸ் ஓனரும் அவர் கையிலிருக்கும் போனும் சேர்ந்து விழுந்த படங்கள் தனி ரகம். புரோக்கர் எடுத்த படத்தில் இந்தச் சுகமெல்லாம் கிடைக்காது.

படங்களைவிட நிபந்தனைகள் ருசி. அசைவம் சமைக்கக் கூடாது, ஹோட்டலில் வாங்கி வந்து சாப்பிட்டால் ஆட்சேபணை இல்லை. பத்து மணிக்கு மேல் கேட் பூட்டப்படும். கொடியில் ஜீன்ஸ் காயப்போடக் கூடாது. டிரம்ஸ் வாசிப்பவர்கள் போன் செய்ய வேண்டாம். சும்மா உட்கார்ந்து யோசித்து யாராவது டிரம்ஸைத் தடை செய்வார்களா? முன்னால் ஒருவன் இருந்து வாசித்திருக்கிறான். ஜீன்ஸ்காரன் கொடியை அறுத்திருப்பான். ஒவ்வொரு 'கூடாது'க்குப் பின்னாலும் காலி செய்துகொண்டு போன ஒரு குடித்தனக்காரர் இருக்கிறார். இரண்டு வரி விளம்பரம் என்று நினைத்துத்தான் ஓனர் எழுதுகிறார். பத்து வருஷப் பொருமல் வந்து விழுந்துவிடுகிறது. சிறுகதை எழுதுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பேன்.

பணம் பற்றிய வரிகளும் லேசுப்பட்டவை அல்ல. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை. அந்தக் கடைசி ஐந்து சொற்களின் இடுக்கு வழியாக 'அட்வான்ஸ் பத்து மாதம்' தாராளமாக உள்ளே வந்துவிடுகிறது. கரண்டு கதை இன்னும் அழகு. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் அரசு இலவசமாகத் தருகிறது. சப் மீட்டர் வைத்த மாடி அறைக்குப் பல இடங்களில் முதல் யூனிட்டிலிருந்தே காசு. இலவசம் கீழ்வீட்டைத் தாண்டிப் படியேறுவதில்லை.

சிரித்துக்கொண்டே படிக்க முடியாதவையும் உண்டு. 'வெஜ் ஒன்லி', 'டீசன்ட் ஃபேமிலி' என்பவை எப்போதும் சாப்பாட்டையும் ஒழுக்கத்தையும் மட்டும் சொல்வதில்லை. தில்லியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வீடு தேடுவதுபோல் உயர்சாதி, தலித், முஸ்லிம் பெயர்களில் விசாரித்துப் பார்த்த ஓர் ஆய்வை 2015இல் 'எக்கனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி' வெளியிட்டது. சுகதேவ் தோரட்டும் சக ஆய்வாளர்களும் செய்தது. விசாரித்தது ஒரே மாதிரி வீடுகளைத்தான். பெயர் மாறியதும் பதில் மாறியது. அந்த ஓனர்களிடம் குடியிருந்து கொடியை அறுத்தவர் யாருமில்லை. இந்த வகை 'கூடாது'க்கு முன்கதை அந்த வீட்டில் நடந்திருக்க வேண்டியதே இல்லை. சென்னை விளம்பரங்களில் அந்த இரண்டு சொற்களைப் பார்க்கும்போது நான் அடுத்ததற்குத் தள்ளிவிடுகிறேன். என்னால் தள்ளிவிட முடிகிறது; வீடு தேடி அலைகிறவரால்?

இப்போது ஒரு விளம்பரத்தைத் தொடர்கதை மாதிரிப் பின்தொடர்கிறேன். மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை. முதலில் 'குடும்பம் மட்டும்' என்றிருந்தது. அந்த அறைக்குள் குடும்பம் எப்படி நுழையும் என்று ஓனர் யோசிக்கவில்லை. அப்புறம் 'வேலைக்குப் போகும் பெண்கள்' ஆயிற்று. சித்திரை வெயில் ஏறியதும் 'பேச்சலரும் அழைக்கலாம்' என்று இறங்கி வந்தார். வாடகை மட்டும் ஒரு ரூபாய் இறங்கவில்லை. போன வாரம் விளம்பரத்தைக் காணோம். ஆள் கிடைத்துவிட்டது போலிருக்கிறது. யார் வந்திருக்கிறார், என்ன செய்கிறார் என்பதெல்லாம் அடுத்த விளம்பரத்தில் 'கூடாது' போட்டு வரும்.