தூக்கத்தில் உடலை விட்டுப் பிரயாணமா?

உடம்பு தூங்க வேண்டுமாம். மனம் மாத்திரம் தூங்காமல் விழித்திருக்க வேண்டுமாம். அப்படி இருந்தால் உயிரானது கூட்டை விட்டுக் கிளம்பி, வேண்டிய ஊருக்கெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு, விடியுமுன் திரும்பி வந்துவிடுமாம். முன்பெல்லாம் இந்த வித்தை மடங்களிலும் ஆசிரமங்களிலும் காதோடு காதாகச் சொல்லப்பட்டு வந்தது. இப்பொழுது செல்போன் வழியாய்க் குக்கிராமம் வரை வந்து சேர்ந்திருக்கின்றது.

கிளியனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தோழர், தம் ஊர் வாலிபர்கள் சிலர் இரவுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு இந்தப் பழக்கத்தில் இறங்கியிருப்பதாகவும், அவர்களில் ஒருவர் தாம் கூரைக்கு மேலே மிதந்ததாகச் சத்தியம் செய்வதாகவும் எழுதி, "இது பொய்யானால் வெவ்வேறு ஊர்க்காரருக்கும் ஒரே மாதிரி அனுபவம் வருவானேன்?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். கேட்டவரைப் பரிகாசம் செய்வது பகுத்தறிவாகாது. ஆகவே இதை நிதானமாகவே விசாரிப்போம்.

முதலாவதாக, மிதந்ததாகச் சொல்லுகிற வாலிபரைப் பொய்யர் என்று நாம் சொல்லவில்லை. அவருக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். தோன்றியது என்பது வேறு, நடந்தது என்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவதில்தான் இந்த வியாபாரம் முழுவதும் அடங்கியிருக்கின்றது.

விழிப்புக்கும் தூக்கத்துக்கும் நடுவே ஒரு வாசற்படி இருக்கின்றது. அதைத் தினமும் நாம் எல்லோரும் தாண்டித்தான் போகிறோம். கிழக்கே மரக்காணத்து உப்பளத்தில் பகல் முழுவதும் பாத்தியில் உப்பு வாரியவர், இரவில் கண்ணை மூடினால் வெள்ளைப் பாத்திகளே கண்ணுக்குள் வரிசையாய் நிற்கும். நாற்று நட்டவருக்கு நாற்று, லாரி ஓட்டினவருக்கு ரோடு. இதை அமெரிக்காவில் ஸ்டிக்கோல்டு என்பவரும் அவர் கூட்டத்தாரும் சோதித்து 2000-த்தில் வெளியிட்டார்கள். மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்குகிற ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைச் சிலரை ஆடச் சொல்லி, அவர்கள் கண்ணயரும்போது என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். பலருக்கும் கட்டைகள் விழுவதே தெரிந்தது. மூளைக் கோளாறால் புதிய ஞாபகமே நில்லாதவர்களும் அதில் சிலர் இருந்தார்கள். தாங்கள் விளையாடியதே நினைவில்லாத அவர்களில் சிலருக்கும் அதே கட்டைகள் தெரிந்தன. படம் வந்த இடம் அவரவர் மூளையே என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

அந்த வாசற்படியில் இன்னும் பல வேடிக்கைகள் உண்டு. பள்ளத்தில் விழுந்தாற்போல் உடம்பு திடுக்கென்று தூக்கிப் போடும். காதில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாற்போல் இருக்கும். சில சமயம் விழிப்பு வந்துவிடும், ஆனால் கை கால் அசையாது; மார்பின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்தாற்போல் இருக்கும். "பேய் அமுக்கிற்று" என்று நம் கிழவிகள் வேப்பிலை தேடுவது இதற்குத்தான். 1953-ல் சிக்காகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், தூக்கத்தில் கண்விழி வேகமாய் ஓடுகிற ஒரு கட்டம் உண்டு என்று வெளியிட்டார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்பொழுதுதான் வருகின்றன. கனவில் ஓடுகிறவன் நிஜமாகவே எழுந்து ஓடிவிடாதபடி, அந்தக் கட்டத்தில் உடம்பின் தசைகளை மூளையே தளர்த்திக் கட்டிப்போடுகின்றது. மனம் முன்னே விழித்து, கட்டு பின்னே அவிழ்ந்தால் பேய் அமுக்கியதாகத் தோன்றுகிறது. உடம்பு அசையாமலும் பாரமற்றும் கிடக்கும்போதே கனவு வந்து புகுந்துகொண்டால், மிதந்து வெளியேறியதாகத் தோன்றுகிறது. பேயாட்டுகிறவனுக்கும் உயிரைப் பறக்கவிடுகிறவனுக்கும் முதல் ஒன்றே. எல்லா ஊர்க்காரருக்கும் ஒரே மாதிரி வருவானேன் என்றால், எல்லா ஊர்க்காரருக்கும் மூளை ஒரே மாதிரி இருப்பதனால்தான்.

இதற்கு மேலும் ஒரு சாட்சி உண்டு. 2002-ல் ஜெனீவா நகரத்து ஆஸ்பத்திரியில் காக்காய்வலிப்புக்காக ஓர் அம்மையாரின் மூளையைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார் பிளாங்கே என்ற வைத்தியர். மூளையின் வலது பக்கத்தில் ஓரிடத்தில் கொஞ்சம் மின்சாரம் செலுத்தியபோது, அந்த அம்மையார் தாம் படுக்கைக்குள் அமிழ்வதாகச் சொன்னார். சற்று அதிகமாகச் செலுத்தியபோது, மேலேயிருந்து தம்மையே பார்ப்பதாகச் சொன்னார். அதிலும் தம் காலும் இடுப்பின் கீழ்ப்பாகமும்தான் தெரிகிறது என்றார். தவமில்லை, மந்திரமில்லை, குருவில்லை. மின்சாரத்தை நிறுத்தினால் உயிர் கீழே இறங்கிவிடுகிறது. மறுபடி செலுத்தினால் மேலே ஏறுகிறது. இதுதான் ஆன்ம யாத்திரையா?

"தூக்கத்தில் அறிவு விழித்திருக்க முடியுமா?" என்றால், சிலரால் முடியும். கனவு காணும்போதே இது கனவு என்று அறிகிறவர்கள் இருக்கிறார்கள். 1975-ல் இங்கிலாந்தில் ஹெர்ன் என்பவரும், பின்னர் அமெரிக்காவில் லபேர்ஜ் என்பவரும் அத்தகையவர்களைக் கருவிகளோடு தூங்க வைத்து, "கனவுக்குள் இருந்துகொண்டே கண்விழியை இப்படி இப்படித் திருப்பு" என்று முன்கூட்டியே பேசிக்கொண்டு சோதித்தார்கள். தூங்குகிறவரின் கண் சொன்னபடியே திரும்பிற்று. இதை வைத்துத்தான் சிலர் "பார்த்தீர்களா, விஞ்ஞானமே ஒப்புக்கொண்டது" என்கிறார்கள். தோழர்களே, நன்றாய்க் கவனியுங்கள். விழித்திருந்த அந்த அறிவு எதை அசைத்தது? படுக்கையில் கிடந்த கண்ணை அசைத்தது. உடலை விட்டுக் காசிக்குப் போயிருந்தால் கண்ணை அசைப்பது யார்?

நிற்க. நம் நாட்டில் இந்தக் கதைக்குப் பஞ்சமே இல்லை. திருமூலர் மாடு மேய்ப்பவன் உடலில் புகுந்தார் என்றும், அருணகிரிநாதர் கிளியின் உடலில் புகுந்தார் என்றும் பக்தர்கள் சொல்லுகிறார்கள். கதைகளை விசாரிக்கச் சாட்சியுமில்லை, தேதியுமில்லை. ஆனால் தேதியும், பெயரும், கோர்ட்டு வழக்கும் உள்ள கேஸ் ஒன்று நம் கடற்கரையிலேயே நடந்திருக்கின்றது. மரக்காணத்திலிருந்து கடலோரச் சாலையோடு வடக்கே போனால் சென்னை அடையாறு. 1882 முதல் பிரம்மஞான சபையின் தலைமையிடம் அங்கேதான்.

அந்தச் சபையில் லெட்பீட்டர் என்ற வெள்ளைக்காரர் இருந்தார். "ஆஸ்ட்ரல்" உலகம் என்கிற சூட்சும உலகத்தைப் பற்றி 1895-லேயே புத்தகம் போட்டவர் அவர். 1909-ல் அடையாற்றுக் கடற்கரையில் கிருஷ்ணமூர்த்தி என்ற பையனைக் கண்டு, உலகத்துக்கு வரப்போகிற ஜகத்குரு குடிகொள்ளும் உடல் இதுதான் என்று சொன்னார். பையனின் தகப்பனார் நாராயணய்யா சபையிலேயே வேலை பார்த்த ஏழைப் பிராமணர். இரவில் பையன் தூங்கும்போது அவன் சூட்சும சரீரத்தைத் தாம் திபெத்திலுள்ள மகாத்மாவின் வீட்டுக்குக் கூட்டிப் போவதாகவும், மகாத்மா தினம் பதினைந்து நிமிஷம் உபதேசிப்பதாகவும், விடிந்தபின் பையன் அதை எழுதி வைப்பதாகவும் லெட்பீட்டர் சொன்னார். 1910-ல் அது இங்கிலீஷ் புத்தகமாகவே வெளிவந்தது. பதினாலு பதினைந்து வயதுப் பையனுக்கு அந்த இங்கிலீஷ் எங்கிருந்து வந்தது என்ற சந்தேகம் அப்பொழுதே எழுந்தது. அடுத்த வருஷமே அவன் பேரால் ஒரு சங்கம். பல நாடுகளில் அங்கத்தினர்கள். படித்தவர்களும் பணக்காரர்களும் வரிசையாய் நின்றார்கள்.

தகப்பனார் 1912-ல் பிள்ளைகளைத் திருப்பிக் கொடுக்கும்படி அன்னி பெசண்டு அம்மையார்மேல் வழக்குப் போட்டார். 1913-ல் சென்னை ஹைக்கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1914-ல் லண்டன் பிரிவி கௌன்சில் அதை மாற்றிற்று. தூங்கும் பிள்ளையை ராத்திரியில் எங்கே கூட்டிப் போனார்கள் என்பதை எந்தத் தகப்பன் எந்தக் கோர்ட்டில் நிரூபிக்க முடியும்? போகவில்லை என்றுதான் எப்படி நிரூபிப்பான்? தன்னைத் தவிர வேறு யாரும் பார்க்க முடியாத இடத்தைப் பற்றிப் பேசுகிறவனுக்கு, கேட்கிறவன்மேல் எவ்வளவு அதிகாரம் வந்துவிடுகிறது பாருங்கள்! பார்ப்பவன் ஒருவன், நம்புகிறவன் மற்றொருவன் என்று மனிதரை இரண்டாய்ப் பிரித்துவிட்டால், பிறகு எஜமானும் அடிமையும் தாமாகவே ஏற்பட்டுவிடுகிறார்கள்.

அந்தச் சூட்சுமக் கண்ணின் யோக்கியதையை ஒரு விஷயத்தில் மாத்திரம் சரிபார்க்க முடிந்தது. லெட்பீட்டர் செவ்வாய்க் கிரகத்தில் மனிதர்கள் வசிப்பதாகவும், அங்கே வெட்டப்பட்ட கால்வாய்கள் உண்டு என்றும் விவரமாய் எழுதினார். செவ்வாயில் கால்வாய் இருப்பதாக அமெரிக்காவில் லோவெல் என்ற வான சாஸ்திரி அந்தக் காலத்தில் எழுதி வந்தது பத்திரிகை படித்தவர்களுக்கெல்லாம் தெரிந்த செய்தி. பிறகு 1965-ல் ஒரு யந்திரம் செவ்வாய் அருகே பறந்து படம் எடுத்தது. 1976-ல் வேறு யந்திரங்கள் அங்கேயே இறங்கின. மனிதருமில்லை, கால்வாயுமில்லை. லோவெலின் தூரதரிசினி ஏமாந்த இடத்திலேயே சூட்சுமக் கண்ணும் ஏமாந்தது என்றால், அந்தக் கண் ஆகாயத்தையா பார்த்தது? பத்திரிகையைத்தான் பார்த்தது!

முடிவு என்னவாயிற்று? 1929 ஆகஸ்டு 3-ந் தேதி ஹாலந்து தேசத்து ஓமன் என்ற ஊரில், அந்தப் பையனே பெரியவனாகி, தன் பேரால் இருந்த சங்கத்தைத் தானே கலைத்துவிட்டார். உண்மைக்கு எந்த ஸ்தாபனமும் வழிகாட்ட முடியாதென்றும், தமக்குச் சீடர்கள் வேண்டாமென்றும் சொல்லிவிட்டார். யாத்திரை போனதாகச் சொல்லப்பட்டவரே பல்லக்கை விட்டு இறங்கி நடந்துவிட்ட பிறகு, நம் வாலிபர்கள் அந்தப் பல்லக்கைத் தூக்குவானேன்?

இனி, சோதனை நடக்கவில்லையா என்றால் நடந்திருக்கிறது. 1968-ல் அமெரிக்காவில் டார்ட் என்ற பேராசிரியர், படுக்கைக்கு மேலே பலகையில் ஐந்து இலக்க எண் ஒன்றை வைத்து ஒரு பெண்ணைத் தூங்க வைத்ததாகவும், அவள் ஓரிரவில் அதைச் சரியாய்ச் சொன்னதாகவும் வெளியிட்டார். இதைப் பெரிதாய்ச் சொல்லுகிறவர்கள், கடிகாரக் கண்ணாடியில் அந்த எண்ணின் நிழல் தெரிந்திருக்கக்கூடும் என்று அவரே ஒப்புக்கொண்டதைச் சொல்லுவதில்லை. பிறகு சில ஆஸ்பத்திரிகளில், மேலேயிருந்து பார்த்தால் மாத்திரம் தெரியும்படி பலகைகளில் படங்களை வைத்து, மாரடைத்துப் பிழைத்தவர்களை விசாரித்தார்கள். 2014-ல் முடிவு வெளியாயிற்று. ஒருவரும் படத்தைச் சொல்லவில்லை. ஆனால் நடந்ததைக் கண்டதாக விவரமாய்ச் சொன்ன இருவர் இருந்த இடத்தில் பலகையே இல்லை. ஆகவே அந்த ஒரு சோதனையோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நாம் மிகைப்படுத்தவில்லை. "உண்டு" என்கிறவர்கள் இன்னும் காட்டவில்லை என்றுதான் சொல்லுகிறோம். காட்ட வேண்டிய பொறுப்பு அவர்களுடையது.

கிளியனூர்த் தோழர்களுக்குக் கருவியும் வேண்டாம், ஆஸ்பத்திரியும் வேண்டாம். ஒரு காகிதத்தில் ஐந்து இலக்கத்தை எழுதி, எழுதினவர் பக்கத்து வீட்டுப் பரண்மேல் வைத்துப் பூட்டிவிட்டு, அன்றிரவு தம் ஊரை விட்டே போய்விடட்டும். மிதக்கிற வாலிபர் இரவில் போய்ப் படித்துவிட்டு, விடிந்ததும் நாலு பேர் முன்னிலையில் சொல்லட்டும். ஒருநாள் தற்செயலாய்ப் பலிக்கலாம். பத்து இரவு நடக்கட்டும். காசியையும் கைலாசத்தையும் பார்த்து வருகிறவருக்குப் பக்கத்து வீட்டுப் பரண் பெரிய தூரமல்ல. மரக்காணத்து அம்பாரத்தில் எத்தனை மூட்டை உப்பு என்று தெரிய வேண்டுமானால் எண்ணிப் பார்க்கிறோமே தவிர, கனவு கண்டவரைக் கேட்பதில்லை. உப்புக்கு இருக்கிற கணக்கு உயிருக்கு வேண்டாமா?

"யாருக்கு என்ன நஷ்டம்? அவர் தூக்கம், அவர் கனவு" என்று சிலர் கேட்கலாம். நஷ்டம் உண்டு. தூங்கி நாலைந்து மணி நேரத்தில் மணி வைத்து எழுந்து, அரைத் தூக்கத்தில் கிடந்து முயற்சி செய் என்கிறார்கள். உப்பளத்தில் வெயில் ஏறுமுன் இறங்க வேண்டியவருக்கும், கடலுக்குப் போகிறவருக்கும், லாரி ஓட்டுகிறவருக்கும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் அந்த நாலைந்து மணிக்கு அப்பால் உள்ள தூக்கமும் தூக்கம்தான். பகலெல்லாம் கூலிக்கு விற்ற உடம்புக்கு இரவு ஒன்றுதான் சொந்தம். அதையும் பறித்துக்கொண்டு அதற்கு மோட்சம் என்று பேர் வைப்பது சுத்த அக்கிரமம். காக்காய்வலிப்பு உள்ளவர்களுக்குத் தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்பது வைத்தியர்கள் அறிந்த விஷயம். அடிக்கடி அமுக்குவதும் பகலில் தாங்க முடியாத தூக்கமும் சேர்ந்து வருகிறவர்கள் பூசாரியிடம் போகாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

அந்த வாசற்படியில் மனிதனுக்குப் பிரயோஜனமானது ஒன்றுமே இல்லையா என்றால், அதுவும் அப்படியல்ல. 2021-ல் பாரிசில் ஒரு கணக்குப் புதிரைப் பலரிடம் கொடுத்துச் சற்றுக் கண்ணயர விட்டார்கள். அதன் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தவர்கள், கால் நிமிஷமாவது இலேசாய்க் கண்ணயர்ந்தவர்களில் நூற்றுக்கு 83 பேர். விழித்தே இருந்தவர்களில் 30 பேர். ஆழ்ந்து தூங்கினவர்களில் 14 பேர். உயிர் வெளியே போய்க் கொண்டுவந்த விடையல்ல அது. மூளை உள்ளேயே உழைத்துக் கண்ட விடை. அந்த ஆச்சரியத்தை விட்டுவிட்டு, இல்லாத ஆகாயப் பிரயாணத்துக்கு டிக்கெட்டு வாங்குவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

ஆகவே, கனவு கண்ட வாலிபரை யாரும் ஏசவும் வேண்டாம், சாமியாக்கவும் வேண்டாம் என்று கிளியனூர்த் தோழர்களையும் மற்ற வாசகர்களையும் கேட்டுக்கொள்ளுகிறோம். அவரைப் பரணுக்கு அனுப்பிப் பாருங்கள். எண்ணைச் சொல்லாவிட்டால், இரவு தூங்குவதற்கும் பகல் விழித்துச் சிந்திப்பதற்கும் என்று அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். விழிப்போடு இருக்க வேண்டுமானால் அதற்குப் பகலிலேயே நிறைய வேலை இருக்கின்றது. கூலிக் கணக்கில் விழிப்பாயிருங்கள். ஓட்டுக் கேட்கிறவனிடத்தில் விழிப்பாயிருங்கள். தட்சணை கேட்கிறவனிடத்தில் எல்லாவற்றையும்விட அதிகமாய் விழிப்பாயிருங்கள். பிறகு வீட்டுக்கு வந்து நிம்மதியாய்த் தூங்குங்கள்.